குளிர் செய்வது என்ன? ஈஸ்ட் செய்வது என்ன?

மேசையில் மூன்று கோப்பைகள். மூன்றிலும் ஒரே அளவு பீர். அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, நிறத்தை வைத்து யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. சுவைப்பவரிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: "இவற்றில் இரண்டு ஒன்று, ஒன்று வேறு. வேறானது எது?" பெரிய பீர் ஆலைகளில் வழக்கமாக நடக்கும் இந்தத் தேர்வுக்கு முக்கோணச் சோதனை என்று பெயர்.

ஒரே நாளில், ஒரே தொட்டியிலிருந்து கேனில் அடைத்த பீரைத்தான் மூன்று கோப்பைகளிலும் ஊற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேன் ஆறு மாதம் 30 டிகிரி செல்சியஸ் அறையில் கிடந்தது. மற்றது அதே ஆறு மாதம் 0 டிகிரியை ஒட்டிய குளிர்பெட்டியில் இருந்தது. வேறானதைக் கண்டுபிடிப்பதில் பயிற்சி பெற்ற நாக்குக்குச் சிரமம் இருக்காது. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. குளிரில் இருந்த அந்தக் கேனைத்தான் ஆலைக்காரர்கள் "புதியது" என்று அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழிந்த பிறகும் அதற்கு அந்தப் பெயரே.

பீர் விரும்பிகள் பலர் இதற்கு நேர்மாறாக நம்புகிறார்கள். 'லாகர்' என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. ஆலையின் தொட்டியில் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடந்துதான் லாகர் பதமாகிறது. அப்படியென்றால் கடையில் வாங்கிய டின் பீரையும் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஓராண்டு வைத்தால் இன்னும் பதமாகாதா? நியாயமான கேள்விதான். விடை காண, முதலில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிலவறையில் நடந்தது

1553-ல் பவேரியாவின் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன் ஓர் ஆணை போட்டார். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம், கோடையில் கூடாது. கோடையில் காய்ச்சிய பீர் புளித்துக் கெட்டுப்போனதுதான் காரணம். கிருமி என்ற ஒன்றை யாரும் அறியாத காலம் அது. ஆனால் குளிர்காலப் பீர் தாங்குகிறது, கோடைப் பீர் தாங்குவதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. மார்ச் மாதம் காய்ச்சிய பீரை நிலவறைகளில் இறக்கி, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை அடுக்கி, இலையுதிர்காலம் வரை வைத்துக் குடித்தார்கள். நிலவறைக்கு மேலே வெயில் படாமலிருக்கக் குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் போட்ட மேசைகள்தாம் இன்றைய பீர் தோட்டங்களின் தொடக்கம். 1870களில் கார்ல் வான் லின்டே தம் குளிர்பதன இயந்திரத்தை மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகு பனிக்கட்டிக்காக ஏரியை நம்பியிருக்க வேண்டிய தேவை குறையத் தொடங்கியது.

அந்தக் குளிரிலும் வேலை செய்யும் ஈஸ்ட் ஒன்று உண்டு. ரொட்டியிலும் ஏல் வகைப் பீரிலும் இருக்கும் ஈஸ்டும், குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் கலந்து பிறந்த கலப்பினம் அது. அந்தக் காட்டு உறவினர் யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2011-ல் தென் அமெரிக்காவின் படகோனியக் காடுகளில் அது கண்டுபிடிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

நொதித்தல் முடிந்த இளம் பீரில் சில குறைகள் இருக்கும். பச்சை ஆப்பிள் வாடை தருவது அசிடால்டிஹைடு. வெண்ணெய் வாடை தருவது டைஅசிடைல். முட்டை வாடைக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். முதல் இரண்டையும் ஈஸ்ட் உள்ளிழுத்து, வாடை குறைந்த வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. மூன்றாவதை மேலெழும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் வெளியே இழுத்துச் செல்கின்றன. பதமாவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சுத்தம்தான்.

இந்தச் சுத்தத்துக்குக் குளிர் உதவுவதில்லை, இடைஞ்சலே செய்கிறது. டைஅசிடைல் பீருக்குள் ஒரு முன்பொருளாகத்தான் முதலில் இருக்கும். அது தானாக மெல்ல மாறி டைஅசிடைல் ஆனால்தான் ஈஸ்டால் அதை எடுக்க முடியும். குளிரில் இந்த மாற்றம் தேங்கிவிடும். அதனால் நவீன ஆலைகள் பீரைக் குளிர்விக்கும் முன் சில நாள் சற்று வெதுவெதுப்பாக, 15 டிகிரியை ஒட்டி வைக்கின்றன. டைஅசிடைல் ஓய்வு என்பது இதன் பெயர். அது முடிந்த பிறகே வெப்பநிலை 0 அல்லது −1 டிகிரிக்கு இறங்கும். அங்கே குளிருக்கென்று இருக்கும் வேலை ஒன்றுதான்: கலங்கலை உண்டாக்கும் பொருள்களைத் திரளச் செய்து அடியில் படியவைப்பது.

ஆளில்லாத பட்டறை

1935 ஜனவரி 24. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரக் கடைகளுக்கு முதன்முதலாகக் கேனில் அடைத்த பீர் விற்பனைக்கு வந்தது. அனுப்பியது நியூ ஜெர்சியின் நியூவர்க் நகரிலிருந்த க்ரூகர் ஆலை. கேனைச் செய்துகொடுத்தது அமெரிக்கன் கேன் கம்பெனி. எஃகுத் தகடு பீரைத் தொட்டால் உலோகச் சுவை ஏறிவிடும் என்பதால் உள்ளே பாதுகாப்புப் பூச்சு கொடுத்திருந்தார்கள். இன்றைய அலுமினியக் கேனிலும் அப்படி ஒரு மெல்லிய பூச்சு உண்டு.

பீரின் இரு பகைவர்களுக்குக் கேன் நல்ல தடுப்பு. ஒன்று வெளிச்சம். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் மீது ஒளி பட்டால், பீரிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் துணையுடன் அது உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உண்டாகும். பச்சைப் பாட்டிலில் நடக்கும் இது கேனில் நடக்காது. மற்றொன்று ஆக்சிஜன். கேனின் விளிம்பை இரட்டையாக மடித்து இறுக்கும் மூட்டு வழியே காற்று நுழைவது மிக அரிது.

ஆனால் மூடும் கணத்தில் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜனை என்ன செய்வது? நிரப்பும் வரிசையில் நின்று பார்த்தால் ஆலைகளின் உத்தி தெரியும். கேனை விளிம்புவரை நுரை பொங்க விடுகிறார்கள். பொங்கும் நுரை காற்றை வெளியே தள்ளும்போது, அதன் மேலேயே மூடியை வைத்து அழுத்துகிறார்கள். நன்றாக நடத்தும் ஆலையில் ஒரு லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஆக்சிஜனே உள்ளே தங்கும்.

இனி அந்தக் கேனுக்குள் இருப்பவர்களைக் கணக்கெடுப்போம். தண்ணீர், ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு, முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான சேர்மங்கள், துளி ஆக்சிஜன். ஈஸ்ட் இல்லை. வடிகட்டி வெளியேற்றிவிட்டார்கள், தப்பியதையும் 60 டிகிரிச் சூட்டில் பாஸ்டர் முறையில் கொன்றுவிட்டார்கள். தொட்டியில் குறைகளைச் சரிசெய்த வேலையாள் கேனில் இல்லை. மிஞ்சியிருப்பது வேதிவினை மட்டும். அது தன் போக்கில் நடக்கும். பீருக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்காது.

பழசாவது எப்படி?

பழைய பீரைக் குடித்தவர்கள் சொல்லும் முதல் புகார், நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அதற்குக் காரணமான பொருளை 1970-ல் அடையாளம் கண்டார்கள்: டிரான்ஸ்-2-நோனெனல் என்ற ஆல்டிஹைடு. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அதாவது விரல் நுனியில் ஒட்டும் சில உப்புத் துகள்கள் அளவு கரைந்தால் போதும்.

இதன் மூலம் பார்லியில் உள்ள கொழுப்பு அமிலமான லினோலெயிக் அமிலம். நாள்பட்ட முறுக்கில் வருகிற சிக்கு வாடை நமக்குத் தெரியும். எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து உடைவதால் வருவது அது. அட்டைப்பெட்டி வாடையும் அதே குடும்பம். ஆனால் பீர் விஷயத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. இந்த ஆல்டிஹைடின் பெரும்பகுதி கேனுக்குள் புதிதாகப் பிறப்பதில்லை. மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போதே உருவாகி, அமினோ அமிலங்களுடனும் சல்ஃபைட்டுடனும் பிணைந்து வாடையின்றி ஒளிந்திருக்கிறது. நாளாக நாளாகப் பிணைப்பு அவிழ்ந்து வெளியே வருகிறது. குற்றம் ஆலையில் நடந்தது, அம்பலமாவது கேனில்.

இது மட்டுமல்ல. அமினோ அமிலங்களிலிருந்து பிறக்கும் வேறு ஆல்டிஹைடுகள் வேகவைத்த உருளைக்கிழங்கு வாடையையும் தேன் வாடையையும் தருகின்றன. வாழைப்பழ மணம் தரும் எஸ்டர் மெல்லச் சிதைகிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்களில் ஒரு வகை மற்றதைவிட வேகமாக அழிகிறது. அவற்றின் விகிதத்தை அளந்தே ஒரு பீர் எவ்வளவு வயதானது என்று ஆய்வகத்தில் மதிப்பிட முடியும். 1977-ல் டால்கிளீஷ் என்ற ஆய்வாளர் இந்த மாற்றங்களை ஒரே வரைபடத்தில் கோடுகளாகப் போட்டுக் காட்டினார். கசப்பு இறங்குகிறது, டாஃபி போன்ற இனிப்பு வாடை ஏறுகிறது, கருந்திராட்சை இலை போன்ற ஒரு வாடை விரைவில் எழுந்து அடங்குகிறது, அட்டைப்பெட்டி வாடை ஏறுகிறது. பீர் அறிவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் படம் அது.

குளிரின் கணக்கு

வேதிவினை நடக்க மூலக்கூறுகள் போதிய வேகத்தில் மோத வேண்டும். வெப்பம் குறைந்தால் அந்த வேகம் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை சரியும். பொதுவான கணக்கு இது: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு வந்தால் மூன்று படிகள் இறங்குகிறோம். அதாவது வேகம் எட்டில் ஒன்றிலிருந்து இருபத்தேழில் ஒன்றுவரை ஆகிறது. 0 டிகிரியில் ஓராண்டு இருந்த கேன், 30 டிகிரியில் இரண்டு வாரம் முதல் ஒன்றரை மாதம் வரை இருந்த கேனுக்குச் சமம்.

அமெரிக்கப் பீர் வணிகத்தில் 3-30-300 என்றொரு வாய்ப்பாடு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றிலும் பீர் ஒரே அளவு பழசாகும் என்பார்கள். சேமிப்புக் கிடங்கில் வேலை செய்பவர் மனதில் நிற்க அருமையான வாய்ப்பாடு. ஆனால் 29 டிகிரி வித்தியாசத்தில் நூறு மடங்கு என்பது மேலே சொன்ன கணக்கைவிட மிக அதிகம். அந்தக் கணக்குப்படி ஏழு மடங்கிலிருந்து இருபத்துநான்கு மடங்குதான் வரும். எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் மெதுவாவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 25 டிகிரியில் முதிரும் பீரில் கேரமல் வாடை முன்னே நிற்கிறது. 30 டிகிரியும் அதற்கு மேலும் போனால் அட்டைப்பெட்டி வாடை முந்துகிறது. வெப்பநிலை மாறினால் முதுமையின் வேகம் மட்டுமின்றி அதன் முகமும் மாறும். அதனால்தான் சூடான அறையில் சில நாள் வைத்து, இது குளிரில் ஓராண்டு இருந்ததற்குச் சமம் என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

குளிர் தானாகச் செய்வது

பெரும்பாலான வினைகளை மெதுவாக்கும் குளிர், ஒன்றை மட்டும் முடுக்கிவிடுகிறது. கடுந்தேநீரை வடித்து ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்த டிகாக்‌ஷன் சில மணி நேரத்தில் கலங்கிவிடும். சூடாக்கினால் மீண்டும் தெளியும். பீரிலும் இதற்கு இணையான ஒன்று நடக்கிறது. பார்லியிலிருந்து வந்த சில புரதங்களும், பார்லியும் ஹாப்ஸும் தந்த துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்களும் 0 டிகிரியை ஒட்டி ஒன்றையொன்று தளர்வாகப் பற்றிக்கொள்கின்றன. அந்தத் திரள் ஒளியைச் சிதறடிப்பதால் பீர் மங்கலாகத் தெரிகிறது. இதுதான் குளிர்க் கலங்கல். 20 டிகிரிக்கு வந்தால் கரைந்துவிடும். ஆனால் நெடுநாள் கழித்தோ, மீண்டும் மீண்டும் குளிர்ந்து சூடானாலோ பிடி இறுகி, கரையாத நிரந்தரக் கலங்கலாகிவிடும்.

இதைத் தடுக்க 1911-ல் லியோ வாலர்ஸ்டைன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வழி நமக்கு நெருக்கமானது. பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி புரதத்தை நறுக்கும். ஆட்டுக்கறி வேக நாம் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே நொதி. பீரில் கலந்தால் கலங்கல் புரதம் துண்டாகிவிடும். இன்று சிலிக்கா ஜெல் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன.

கலங்கல் பார்வைக் குறை. சுவையை அது கெடுப்பது அரிது. வடிகட்டாத பீரில் அதுவே நன்மையாகவும் முடியலாம். ஹாப்ஸை அள்ளிக்கொட்டிச் செய்யும் கலங்கல் ஐ.பி.ஏ. வகைக் கேன்களில், அடைத்த புதிதில் தொண்டையைக் காந்தும் ஒரு காரம் இருப்பதுண்டு. மிதக்கும் ஹாப்ஸ் துகள்களும் பாலிஃபீனால்களும்தான் காரணம். சில வாரம் குளிரில் நிமிர்த்தி வைத்தால் அவை திரண்டு அடியில் இறங்கும். மேலே இருப்பதை மெதுவாக ஊற்றினால் சுவை மென்மையாக இருக்கும். கடைசி மடக்கில் எல்லாக் கரகரப்பும் சேர்ந்து வரும். குளிர்பெட்டியில் பதமான டின் பீர் என்று யாராவது மெச்சினால், பெரும்பாலும் இந்த வண்டல் படிந்த கதையாகத்தான் இருக்கும்.

இத்தகைய கேன்களைக் குளிரிலேயே வைக்க வலுவான காரணம் இன்னொன்றும் உண்டு. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்டால் தின்ன முடியாத மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக வெட்டித் தருகின்றன. 1893-லேயே பிரவுன், மாரிஸ் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள் கவனித்து எழுதியது இது. மிச்சமிருக்கும் ஈஸ்டுக்கு அந்தச் சர்க்கரை விருந்து. வெப்பத்தில் கேனுக்குள் மறுபடி நொதித்து, வெண்ணெய் வாடை வரும், கேன் உப்பும். 0 டிகிரியில் நொதியும் ஈஸ்டும் ஏறக்குறைய முடங்கிவிடும்.

உறைநிலையின் ஓரம்

5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் −2 முதல் −3 டிகிரிக்குள் உறையத் தொடங்கும். அதனால் 0 டிகிரி என்பது பத்திரமான எல்லை. ஃபிரீசரின் −18 டிகிரி அப்படியில்லை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் விரியும். உட்குழிந்திருக்கும் கேனின் அடிப்பாகம் முதலில் வெளியே துருத்தும். பிறகு மூட்டு விடும். தப்பிப் பிழைத்த கேனை உருக்கினாலும் பழைய பீர் கிடைக்காது. உறைந்தபோது பிரிந்த புரதமும் பிசின் போன்ற சர்க்கரைத் தொடர்களும் வெண்துருவல்களாக மிதக்கும், நுரையும் நலிந்திருக்கும்.

இந்த ஓரத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அசையாமல் வைத்த கேன், உறைய வேண்டிய வெப்பநிலைக்கும் கீழே போயும் திரவமாகவே நிற்கலாம். வளையத்தை இழுத்துத் திறந்ததும் குமிழிகள் கிளம்பும். அந்தக் கலக்கத்தில் முதல் பனிப்படிகம் உண்டாகி, கண்ணெதிரே கேன் முழுதும் பனிக்கூழாகும். தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. படிகம் தொடங்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நாக்கை நம்பலாமா?

குளிரில் வைத்த பீர் 'மென்மையாக' இருந்தது என்று சொல்பவர், அதை எந்த வெப்பநிலையில் குடித்தார் என்று கேட்க வேண்டும். குளிர்ந்த பீரிலிருந்து மணப்பொருள்கள் குறைவாகவே ஆவியாகும். நாக்கும் மந்தப்படும். சுவை உணர்வில் பங்குள்ள ஒரு புரத வாயில் 15 முதல் 35 டிகிரிவரை சூடு ஏற ஏற அதிகம் செயல்படுகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். ஆகவே 0 டிகிரி பீரில் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர், குளிரில் இருந்த கேனையும் வெளியே இருந்த கேனையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றச் சொல்ல வேண்டும்.

ஒரு வீண் அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குளிர்ந்த கேன் ஒருமுறை வெளியே சூடாகி, மறுபடி ஃபிரிட்ஜுக்குள் போனால் பீர் நாறிவிடும் என்பார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஸ்கங்க் நாற்றம் வெளிச்சத்தால் வருவது. சூட்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே கணக்கு. சுவையைப் பொறுத்தவரை, எத்தனை முறை உள்ளே வெளியே போனது என்பது பெரிதல்ல.

ஆகவே வடிகட்டிப் பாஸ்டர் செய்த சாதாரண லாகர் கேனைக் குளிரில் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பதால் அது உயர்ந்த பீராகிவிடாது. உயர்த்தும் வேலை ஈஸ்டுடையது. அது ஆலையிலேயே முடிந்துவிட்டது. கேன் ஏற்கெனவே வெயிலில் மூன்று மாதம் கிடந்திருந்தால், குளிர் அதைத் திருத்தவும் செய்யாது. அடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்துப் புதியதை வாங்கி, வாங்கிய நாள் முதல் குளிரில் வைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது. உறைநிலையை ஒட்டி ஓராண்டு கிடந்த கேனுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு, சுவைப்பவர் மூன்று கோப்பைகளையும் மாறி மாறிப் பருகிவிட்டு உதட்டைப் பிதுக்குவதுதான்: "வித்தியாசம் எதுவும் தெரியவில்லையே!"